பழ ஐஸும் அம்மா சொல்லாத இடமும்

அன்பு மகள் சுன்னிவாவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறேன். முட்டிவலி மட்டும் மழைக்கு முந்தின நாள் வந்து கதவைத் தட்டுகிறது, அது பழகிப்போன விருந்தாளி, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நீயும் மாப்பிள்ளை டாரனும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நியூசிலாந்தில் உங்களுக்கு இப்போது குளிர்காலம் அல்லவா, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, டீச்சர் என்றால் காது விறைக்காது என்று சட்டம் ஒன்றும் இல்லை. அம்மாவும் சுகம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த சேதிக்குப் போகலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், அந்த வரி மட்டும் கைக்கு வரமாட்டேன் என்கிறது. இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். உன் அம்மாவுக்குத் தொண்டைதான் கெட்டிருக்கிறது, காது இன்னும் பாம்புக் காதுதான். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்துகொண்டு கண்ணாலேயே என்னை மிரட்டுகிறாள், நானும் ‘எல்லாம் நல்லாருக்கு, சாப்பிடுறா, நடக்குறா’ என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறேன். இப்போது மாடியில் தூங்குகிறாள், அதனால் எழுதுகிறேன். முதலில் அவள் எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன், பிறகு என் மேல் பழி வரக்கூடாது. ‘பொண்ணுக்கு எழுதுறதா இருந்தா வர வேண்டாம்னு எழுது, பள்ளிக்கூடத்த விட்டுட்டு பாதி ஒலகத்தத் தாண்டி வந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம்’ என்றாள். எழுதிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொண்டையில் இருந்த கட்டி போய்விட்டது, அதில் பொய் இல்லை. நகரத்து டாக்டர் படத்தைக் காட்டி, பாருங்கள், சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார், நானும் பார்த்தேன், எனக்கு அந்தப் படத்தில் முன்பும் ஒன்றும் தெரிந்ததில்லை, இப்போதும் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் தலையை ஆட்டினேன். அந்தக் கதிர் சிகிச்சை கட்டியை எரித்த கையோடு வாயையும் தொண்டையையும் சேர்த்து எரித்துவிட்டது சுன்னிவா. நாக்கு முழுக்கப் புண். எச்சில் கோந்து மாதிரி ஆகிவிட்டது. ருசி என்பதே இல்லை, எதைக் கொடுத்தாலும் சோப்பு மாதிரி இருக்கிறது என்கிறாள். மீன் சூப் செய்தேன், உருளைக்கிழங்கை மசித்து வெண்ணெய் போட்டேன், கஞ்சி வைத்தேன், எல்லாம் போன வழியே திரும்பி வந்தது. பச்சைக் கம்பளிச் சட்டை உனக்கு நினைவிருக்கும், அதற்குள் இன்னொருத்தி தாராளமாக நுழையலாம். ஊராட்சியிலிருந்து வீட்டுக்கு வரும் நர்ஸ் சிலியே வாரம் தவறாமல் எடை பார்க்கிறாள், பார்த்துவிட்டு எழுதிக்கொள்கிறாள், ஒவ்வொரு தடவையும் போன வாரத்தைவிடக் குறைவு. இன்னும் இறங்கினால் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத்தான் ஊட்ட வேண்டுமாம். அதைக் கேட்டதும் உன் அம்மா, ‘என் வயித்துல ஓட்ட போடுறவன் மொதல்ல என்கிட்ட வரட்டும்’ என்றாள். சிலியே என்னை வாசல்வரை கூட்டிப்போய், ‘பலவந்தம் பண்ண எங்களால முடியாதுங்க, அவங்க வேண்டாம்னா வேண்டாந்தான், நீங்கதான் ஏதாவது சாப்பிட வைக்கணும்’ என்றாள். நான்தான் சாப்பிட வைக்க வேண்டுமாம்! முட்டை அவிக்கும்போது தண்ணீரை வற்றவிட்ட ஆள் நான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது.

அந்தப் பெண்ணே ஒரு வழியும் சொன்னாள். ‘பால், க்ரீம் எதுவும் வேண்டாம், தொண்டையில படிஞ்சு சளியக் கெட்டியாக்குது. வெறும் பழத்துல ஐஸ் செஞ்சு குடுங்க, ஜில்லுனு எறங்கும், புண்ணும் கொஞ்ச நேரம் மரத்துப் போகும்’ என்றாள். க்ரீம் இல்லாமல் ஐஸா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் கிறிஸ்துமஸ் என்றாலும் க்ரீம், கருமாதி என்றாலும் க்ரீம். ஆனாலும் படகுத்துறையில் எத்தனை எஞ்சினைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன், ஒரு கிண்ணம் ஐஸ் என்ன பெரிய வித்தை என்று இறங்கினேன். ஸ்ட்ராபெரியை அரைத்து டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் கருங்கல். கரண்டி வளைந்தது. கொட்டகைக்குப் போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்து மேஜையில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு உன் அம்மா படியில் இறங்கி வந்து நின்று பார்த்தாள். ‘உளி எதுக்கு, வெடி வச்சுப் பாரேன்’ என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நாளாகிவிட்டது, அதற்காகவே இன்னொரு டப்பா உடைக்கலாம் என்று தோன்றியது.

அடுத்தது என் புத்திசாலித்தனம். நம் வீட்டு பிளாக்கரண்ட் செடி இந்த வருஷம் ஒடிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறது, உடம்புக்கு இதைவிட நல்லது இல்லை என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அல்லவா, அதை அரைத்து ஐஸ் செய்து கொடுத்தேன். புளிப்புப் பழத்தைப் புண் நாக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். பிறகு சிலியே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். தோல் கறுத்துப் புள்ளி விழுந்த வாழைப்பழம்தான் வேண்டும், அதை வட்டம் வட்டமாக நறுக்கித் தட்டில் பரப்பி உறைய வைத்து, கல்லானதும் மிக்சியில் போட்டு அடிக்க வேண்டும், முதலில் பொடிப்பொடியாக உதிரும், பயந்து நிறுத்தக்கூடாது, இன்னும் அடித்தால் திடீரென்று வெண்ணெய் மாதிரி வழவழவென்று திரண்டு வரும். க்ரீமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அதில் வேகவைத்த பேரிக்காயைச் சேர்த்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள். சில நாள் அதில் ஓடியது. நான் ஊரெல்லாம் வாழைப்பழம் வாங்கி ஜன்னலில் பழுக்கவைத்தேன், கடைக்காரப் பெண் ‘என்ன ஹால்வர், குரங்கு வளக்குறீங்களா’ என்று கேட்டாள். அப்புறம் உன் அம்மா அதையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். ‘இது ஒண்ணுமே இல்ல ஹால்வர், ஜில்லுனு ஒண்ணுமில்ல’ என்றாள். நான் என்னதான் வேண்டும், வானத்தில் இருப்பதைச் சொன்னாலும் ஏணி போடுகிறேன் என்றேன். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே, ‘முல்ட்டே இருந்தா ருசி தெரியும்னு நெனைக்கிறேன்’ என்றாள்.

முல்ட்டே! நம் ஃப்ரீசரில் அந்தச் சதுப்புப் பழம் இல்லாத முதல் ஆகஸ்ட் இதுதான் சுன்னிவா. போன வருஷம் பழம் பழுத்த நேரத்தில் அவளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துக்கொண்டிருந்தோம், அவள் சதுப்புப் பக்கமே போகவில்லை, இருந்த பழையதும் கிறிஸ்துமஸுக்குத் தீர்ந்துவிட்டது. கடையில் இருப்பது ஜாம், முக்கால்வாசி சர்க்கரை, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துடைத்துப் போட்டாள். இப்போது பருவம்தான், மலைக்குப் பின்னால் சதுப்பெல்லாம் பொன் நிறமாகப் பழுத்துக் கிடக்கும், ஆனால் எங்கே? உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவள் பழம் பறிக்கிற இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து என் வேலை காரை ஓட்டிப்போய்ச் சாலையோரம் நிறுத்திவிட்டு காபி குடித்துக்கொண்டு காத்திருப்பதுதான். அதிலும் அவள் நேராகப் போகமாட்டாள், எனக்காகவே முதலில் எதிர்ப்பக்கமாகப் போய் பிர்ச் மரங்களுக்குள் மறைந்து அப்புறம் சுற்றிக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது வாளி நிறைந்திருக்கும், முகமெல்லாம் கொசு கடித்த தடிப்பு, ராணி மாதிரி காரில் ஏறுவாள். டாரன் முதல் தடவை வந்தபோது சாப்பாட்டு மேஜையில் வெள்ளந்தியாக, இந்தப் பழம் எங்கே பறித்தீர்கள் என்று கேட்டாரே, எதிர்வீட்டு ரக்னா கரண்டியைக் கீழே வைத்தாள், நீ அவர் காலை மிதித்தாய். வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாலாவது யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். ‘நார்வேக்காரங்களுக்குக் கொஞ்சம் கிறுக்குதான்’ என்று அவர் பிறகு சொன்னாராம், சொல்லட்டும்.

நான் தனியாகப் போனேன். கார் நிற்கிற இடம்தானே எனக்குத் தெரியும், அங்கிருந்து மூளைக்குத் தோன்றிய பக்கமெல்லாம் நடந்தேன். சாலைக்கு அருகில் இருப்பதை ஊர் ஏற்கெனவே மொட்டையடித்திருந்தது, ஒரு தண்டுக்கு ஒரே பழம்தானே, பறித்த இடத்தில் வெறும் இலைதான் நிற்கிறது. உள்ளே போனால் இன்னும் பழுக்காத சிவப்புக் காய்கள். ஒரு கால் தொடைவரை சேற்றில் இறங்கியது, பூட்ஸுக்குள் சதுப்பே குடியேறிவிட்டது. உள்ளங்கை நிறையக்கூட இல்லை, அதில் பாதி நசுங்கியது. அதைக் கொண்டுவந்து கொடுத்தால் அவள் பழத்தைப் பார்க்கவில்லை, என் காற்சட்டையைப் பார்த்தாள். ‘கெழக்குப் பக்கம் போயிருக்க. அங்க தவளதான் இருக்கும்’ என்றாள். அப்போதுதான் என் வாயில் சனி புகுந்தது. அப்படியானால் எந்தப் பக்கம், சொல் போர்கில், நான் போய்ப் பறித்துக்கொண்டு வருகிறேன், உன் இடம் எங்கே என்று கேட்டுவிட்டேன்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. நீ இந்த ஊர்ப் பெண், உனக்குப் புரியும். டாரனுக்கு நீதான் விளக்க வேண்டும். இங்கே யாரும் தன் இடத்தைச் சொல்வதில்லை, அண்ணன் தம்பிக்குச் சொல்வதில்லை, சொன்னால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், இனிமேல் நான் போகப்போவதில்லை என்று. ரக்னாவின் அப்பா தன் இடத்தைச் சொன்னார், அந்த வாரமே அவருக்காகத் தேவாலய மணி அடித்தது. நான் பழத்தைத்தான் கேட்டேன், சத்தியமாகப் பழத்தை மட்டும்தான் கேட்டேன், அவள் காதில் விழுந்தது, நீ எப்போது சாகப் போகிறாய் என்று. என்னை ஒரு பார்வை பார்த்தாள். ‘அடுத்த வருஷம் நானே போவேன்’ என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிப் போனாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. அதற்கப்புறம் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. வாழைப்பழ ஐஸ், பேரிக்காய் ஐஸ், வெறும் ஐஸ், எதைக் கொண்டுபோனாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் படியில் உட்கார்ந்து உருகுகிற கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள் என்று எதற்காகக் கேட்பது? உன்னைச் சாகச் சொல்லவில்லை என்று ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு உதவாக்கரையாக நான் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

ரக்னாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது, எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தெரியாதது ஏது. அவளும் அம்மாவும் ஆகஸ்ட் மாதத்தில் ஒருத்திக்கு ஒருத்தி எதிரி, உனக்கே தெரியும், வாளியை மழைக்கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, நான் அக்காவைப் பார்க்கப் போகிறேன், நான் பல் டாக்டரிடம் போகிறேன் என்று ஒருத்திக்கு ஒருத்தி புளுகிவிட்டுப் போவார்கள், செப்டம்பரில் மறுபடி காபிக்குக் கூடிக்கொள்வார்கள். அந்த ரக்னா நம் வாசலில் மூடி போட்ட டப்பாவோடு வந்து நின்றாள். திறந்தால் முல்ட்டே, இன்றைக்குப் பறித்தது, நல்ல பொன் நிறம், விரல் பட்டாலே குழைகிற பழுப்பு. ‘எங்கன்னு கேக்காத’ என்றாள். கேட்கமாட்டேன் என்றேன், கேட்டுப் பட்டது போதும். ‘விதைய வடிகட்டு, புண்ணுல குத்தும். கொதிக்க விட்டுடாத, வாசம் போயிடும். உன்ன நம்பி இதக் குடுக்க எனக்குப் பயமாதான் இருக்கு’ என்று சொல்லிவிட்டு, காபி வேண்டாம் என்று போய்விட்டாள். தெருவைத் தாண்டும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நானும் பயந்துகொண்டேதான் செய்தேன். பழத்தைக் கொஞ்சம் தண்ணீரில் இளஞ்சூடாக்கி, சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி எடுத்தேன், விதையெல்லாம் மேலே தங்கியது, கீழே தேன் நிறத்தில் கூழ் இறங்கியது. அது ஆறியதும், புளிப்பு தெரியாமலிருக்க உறைந்த வாழைப்பழத்தோடு மிக்சியில் அடித்து, ஒரு சொட்டுத் தேன் விட்டு, டப்பாவில் ஊற்றாமல் கேக் தட்டில் மெல்லிசாகப் பரப்பி வைத்தேன். ஓரம் உறைய ஆரம்பித்ததும் எடுத்து முள்கரண்டியால் சுரண்டிக் கிளறி மறுபடி வைத்தேன், இப்படியே விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தால்தான் கல்லாகாமல் பனி மாதிரி உதிரியாக வரும். சாயங்கால வெயில் சமையலறைக்குள் வந்தபோது அதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன், அவள் மூக்குக்கு நேரே பிடித்தேன். ருசி போனாலும் வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கும் போல. திரும்பினாள். அரைக் கரண்டி எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ‘இது ரக்னாவோட எடம். ஏரிக்கு வடக்கால. வெயில் கம்மி, அதான் தண்ணியா இருக்கு’ என்றாள். நான் அசந்துபோனேன். ரக்னாவின் இடம் உனக்குத் தெரியுமா என்றால், ‘ரொம்ப காலமாத் தெரியும்’ என்றாள். அப்புறம் ஏன் ஒரு நாளும் அங்கே பறிக்கவில்லை என்று கேட்டேன். அவளுக்கு வந்ததே கோபம். ‘அது அவ எடம்யா!’ என்றாள். திட்டிக்கொண்டே சாப்பிட்டாள் சுன்னிவா, கிண்ணத்தைக் காலி செய்தாள், இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்றும் கேட்டாள். நான் படியில் இறங்கி வரும்போது முட்டிவலி இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

அந்த வாரம் சிலியே எடை பார்த்தபோது இறங்கவில்லை, ஏறவும் இல்லை, அப்படியே நின்றது. நான் சிலியேவைக் கட்டிப்பிடித்துவிட்டேன், பாவம், அந்தப் பெண் எடைக்கருவியோடு சேர்ந்து தடுமாறினாள். உடனே உனக்குப் போன் போட்டு, சாப்பிடுகிறாள் என்று கத்தினேனே, அந்த ஒரு தடவை நான் பொய் சொல்லவில்லை. ஆனால் சந்தோஷத்துக்கு நம் வீட்டில் ஆயுசு குறைவு. ரக்னாவின் டப்பா தீரும் முன்பே கிண்ணத்தில் பாதி மிஞ்ச ஆரம்பித்தது, அப்புறம் முக்கால், அப்புறம் கரண்டி நனைந்ததோடு சரி. ஐஸில் குற்றம் இல்லை, இப்போது நான் நன்றாகவே செய்கிறேன், ரக்னாவே ருசி பார்த்துவிட்டு, ‘பரவால்ல, மனுஷன் தேறிட்ட’ என்றாள். உடம்புதான் போதும் என்கிறது. பசி என்ற ஒன்று அவளை விட்டுப் போய்விட்டது, அதை எந்த மிக்சியில் அடித்து எடுப்பது? சிலியே மறுபடி குழாய்ப் பேச்சை எடுத்தாள், உன் அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள், முன்பு மாதிரி சண்டைகூடப் போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முந்தாநாள் காலையில் நான் வாழைப்பழத்தை மிக்சியில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தானாகவே இறங்கி வந்து மேஜையில் உட்கார்ந்தாள், தலை வாரியிருந்தாள். ‘ஹால்வர், கார நிறுத்துவியே, அங்கேருந்து மேற்கால போனா ஒரு பிளந்த பாறை வரும்’ என்று ஆரம்பித்தாள். நான் சட்டென்று மிக்சியைப் போட்டுவிட்டேன். அது வீட்டைத் தூக்குகிற மாதிரி கத்தியது, நான் அவள் பக்கம் திரும்பாமல் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழம் பொடியாகி, திரண்டு, வழவழப்பாகி, அதற்கப்புறமும் நான் நிறுத்தவில்லை, சூடேறி உருகித் தண்ணீராகிவிட்டது, மோட்டார் கருகுகிற வாசனை வந்தது. எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு நிற்பது? நிறுத்தினேன். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ‘முடிஞ்சுதா? உக்காரு’ என்றாள். உட்கார்ந்தேன். எனக்கு வேண்டாம் போர்கில், அடுத்த வருஷம் நீயே போ, நான் காரில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ‘கோட்டான் மாதிரி முழிக்காம கேளு’ என்று சொல்லிவிட்டு, பாறையிலிருந்து எந்தப் பக்கம், எந்த ஓடையைத் தாண்டக்கூடாது, எந்த இடத்தில் கால் வைத்தால் உள்ளே இழுக்கும், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள், இரண்டு தடவை தப்பு விட்டேன், பள்ளிக்கூடப் பையனைத் திருத்துகிற மாதிரி திருத்தினாள். ‘இது சுன்னிவாவுக்கு. கடுதாசில எழுதாத, போன்லயும் சொல்லாத. வாயால சொல்லணும், கூட்டிட்டுப் போய்க் காட்டணும்’ என்றாள். அதனால்தான் மேலே எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன், பாறை மட்டும் தெரிந்தால் யாரும் அங்கே போய்ச் சேர முடியாது, நான் சேறாகி வந்த கதைதான் ஆகும்.

நேற்று போனேன். அவள் சொன்ன இடத்தில் அவள் சொன்ன மாதிரியே இருந்தது, கண்ணுக்கெட்டிய வரை மஞ்சள், ஒருவர் கையும் படாதது. வாளி நிறையப் பறித்தேன். பறிக்கும்போதெல்லாம் அவளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது, பார்த்தாயா போர்கில் என்று வாய்வரை வந்துவிட்டது, காட்டுவதற்கு அவளுக்குத் தெரியாத இடமா அது! வீட்டுக்கு வந்து வடிகட்டி, அடித்து, தட்டில் பரப்பி, சுரண்டி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு கரண்டி சாப்பிட்டாள். ‘ம், இதுதான்’ என்றாள். ருசி தெரிந்ததா, இல்லை எனக்காகச் சொன்னாளா, நான் கேட்கவில்லை, கேள்வி கேட்பதையே நான் விட்டுவிட்டேன். மீதியை ஃப்ரீசரில் வைக்கச் சொன்னாள், அதை யாருக்கு என்றும் நான் கேட்கவில்லை.

சாப்பிட வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள் சுன்னிவா, எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அம்மா சொன்னதை முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். அது அவள் சொன்னது. நான் சொல்வது, வந்துவிடு. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு வா, சொல்லாமல் வந்தாலும் சரி, டிக்கெட் கிடைக்கிற முதல் விமானத்தில் வா. வந்ததும் நீயாகத்தான் வந்தாய் என்று சொல்லிவிடு, நான் எழுதினேன் என்று தெரிந்தால் கிண்ணம் என் தலையில் பறக்கும், பறந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

டாரனுக்கு என் அன்பைச் சொல். வழியில் வேளாவேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உனக்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், மழைக்கோட்டு எடுத்துக்கொள், சதுப்பில் ஈரம் அதிகம். பூட்ஸ் மட்டும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். உனக்கும் அம்மாவுக்கும் ஒரே கால் அளவுதானே, அவளுடையது வாசலில் சும்மாதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும் அப்பா,
ஹால்வர்